சயனைடு மலையடியில் ஓர் ஊர்

மனிதர் கொட்டிக் குவித்த மலை எங்களுக்குப் புதிதன்று. புளியந்தோப்பில் மொட்டை மாடியில் நின்றால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைக் கொடுங்கையூர்க் குப்பைமேடே சொல்லிவிடும். எனினும் கோலார் தங்கவயலில் இறங்கி அந்தச் சாம்பல்நிற மலைத்தொடரை முதன்முதலாகக் கண்டபோது, சிறிது நேரம் எங்களில் எவரும் பேசவில்லை. ஊர்மக்கள் அதைச் சயனைடு மலை என்கின்றனர்.

சென்னையிலிருந்து பங்காருப்பேட்டை வரை ஒரு ரயில். அங்கிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளைப்பாதையில் இன்னொன்று. 1894-இல் சுரங்கத்திற்காகவே போடப்பட்ட பாதை அது. ஊர்காம், சாம்பியன் என்று நிலையப் பெயர்கள் வருகின்றன. வெளியே தைல மரங்களும், துருவேறிய ஷாப்ட் கோபுரங்களும், பூட்டிய வாயில்களும். கேட்கும் மொழியோ வட ஆர்க்காட்டுத் தமிழ். நூறாண்டுகளுக்கு முன் குடியாத்தம், வேலூர்ப் பக்கத்துச் சேரிகளிலிருந்து பண்ணையடிமையை உதறிவிட்டு நடந்தும் ரயிலேறியும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அதே மாவட்டத்தினர் பலர் வேறொரு ரயிலேறிப் பெரம்பூர் ஆலைகளுக்கு வந்தனர். புளியந்தோப்பும் தங்கவயலும் ஒருவகையில் பங்காளி ஊர்கள்.

இந்த மலை எப்படி உருவாயிற்று என்பதை விளக்க வேண்டும். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வேலையைத் தொடங்கிய காலத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கும் அதிகமாகத் தங்கம் கிடைத்தது. மூடும் காலத்தில் அது 3 கிராம் அளவிற்கு இறங்கிவிட்டது. ஒரு டன் என்பது பத்து லட்சம் கிராம். அதில் மூன்று கிராம் தங்கமாகப் போயிற்றென்றால், மீதம் எங்கே போகும்? வெட்டிய பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தபின், எஞ்சிய சகதியைக் குடியிருப்புகளுக்கு அருகிலேயே கொட்டினர். இன்று 13 மேடுகளில் 3 கோடி டன்னுக்கு மேல் கிடக்கிறது. சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துவிடும். பாறைத் துகளில் உள்ள நுண் சிலிக்கா சிதையாது. கோடைக்காற்று எழும்போது அது தொழிலாளர் லைன் வீடுகளின் சோற்றுப்பானை வரை வருகிறது.

அந்தத் துகளைச் சுரங்கத்திற்குள் சுவாசித்தவர்களின் கதை இன்னும் கடுமையானது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும். 1940-களில் தொழிலாளரின் நுரையீரலைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் நோய் கண்டிருந்தது. பாறையைத் துளையிட்டவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். மேற்பார்வையாளர் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இந்த ஊருக்கு வந்தது என்பதைப் பாடநூல்கள் பெருமையோடு சொல்லும். அது சுரங்கத்தின் இயந்திரங்களுக்காக வந்த மின்சாரம். தட்டி வீடுகளுக்காக வந்ததன்று.

ஆயினும் பாதிக்கப்பட்டோரின் ஊர் என்று மட்டும் இதை எழுதிவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்திற்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. 1907-இல் சென்னையில் அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் 1914-இல் மறைந்த பிறகு நின்றுபோய், 1926-இல் ஜி. அப்பாதுரையார் முயற்சியால் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக்கிக் காத்ததும் இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலையே. சுரங்கத்திற்குள் இறங்கி ஈட்டிய கூலியில் ஒரு பங்கு அச்செழுத்துக்குப் போயிருக்கிறது. அந்தத் தங்கம் மட்டும் இன்றும் நம் கையில் இருக்கிறது.

1930-இல் தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிக்க வேண்டும் என்று ஆணை வந்தபோது ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். குற்றவாளிகளிடம் வாங்குவதை எங்களிடம் ஏன் வாங்குகிறீர்கள் என்பதே அவர்களது கேள்வி. இங்கே எங்கள் ஊர் நினைவுக்கு வராமல் இருக்குமா? 1921-இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடர் கருங்காலிகள் எனப்பட்டனர்; புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. தலித்துகளுக்குத் தொழிற்சங்க உணர்வு குறைவு என்று அன்று தொட்டுப் பேசுவோர் தங்கவயலுக்கு வந்து பார்க்கலாம். ஆலையில் அவர்கள் சிறுபான்மை. போராட்டத்தின் முடிவுகளைப் பிறர் எடுத்தனர், பட்டினியைத் தாங்கக் கையிருப்பும் இல்லை. சுரங்கத்தில் அவர்களே பெரும்பான்மை, ஆதலால் போராட்டமும் அவர்களுடையதாயிற்று. பின்னாளில் இதே தொகுதி சி.எம். ஆறுமுகம், எஸ். ராஜேந்திரன் என்று இந்தியக் குடியரசுக் கட்சியினரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பியதும் அந்த வழியில்தான்.

1956-இல் மைசூர் அரசும், பின்னர் ஒன்றிய அரசும் சுரங்கங்களை ஏற்றன. ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டபின், 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. 2018-இல் வந்த கே.ஜி.எஃப். திரைப்படத்திற்குப் பிறகு மலையின்மேல் நின்று படம் எடுத்துக்கொள்ள இளைஞர்கள் வருகின்றனர். அப்படத்தின் நாயகனுக்கும் இங்கே இருமிச் செத்தவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

2024 ஜூனில் அந்த 13 மேடுகளிலிருந்தும் மிச்சத் தங்கத்தைப் பிரிக்கும் ஒன்றிய அரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. வேலை கிடைக்கும் என்கின்றனர். மலையைக் கிளறும்போது எழும் புழுதியைத் தடுப்பது யார், நோயுற்றோருக்கு இழப்பீடு எங்கே, லைன் வீடுகளின் பட்டா யார் பெயரில் என்ற கேள்விகளை வேலை நியமனத்திற்கு முன்பே கேட்டாக வேண்டும். புழுதியைச் சுவாசித்தவர்களின் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் என்பதையும்.

ஒரு லைன் வீட்டு வாசலில் அமர்ந்திருந்த முதியவரிடம், “ஐயா, பசங்க எங்கே?” என்று கேட்டோம். “பெங்களூர் வண்டியில” என்றார். விடியலுக்கு முன்பே மாரிக்குப்பத்தில் ரயில் நிரம்பிவிடுகிறது. பகலில் ஊர் இத்தனை அமைதியாக இருப்பது அதனால்தான். இரவு ஒன்பது மணிக்கு மேல் மறுபடியும் காலடிச் சத்தம் கேட்கிறது.