ஊர்க் கணக்கு – 9: பெட்டகத்துக்கு இரண்டு சாவி

பாலக்கோட்டுத் தக்காளி மண்டிகளின் கணக்கைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியபோது, மண்டிக்காரரின் கணக்குத் தவறினால் நஷ்டம் அவரோடு நிற்கும் என்றும், பிறருடைய பணத்தையும் நகையையும் நம்பிக்கையின் பேரில் வாங்கி வைத்திருக்கும் ஸ்தாபனத்தின் கணக்குத் தவறினால் நஷ்டம் ஊர் முழுவதையும் சாரும் என்றும் குறிப்பிட்டு, அந்த இரண்டாவது விஷயத்தை இந்த வாரத்துக்கு ஒத்திவைத்திருந்தேன். தருமபுரி மாவட்டத்தில் அத்தகைய ஸ்தாபனம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்தான். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் மஞ்சளுக்கும் மரவள்ளிக்கும் பயிர்க்கடன் கேட்டு வருகிறவரும், பென்னாகரத்தில் மகள் கல்யாணத்துக்காகக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கிற தாயும், உர மூட்டைக்காக விடிந்ததும் வந்து வாசலில் உட்காருகிறவரும் ஏறுகின்ற படி அந்தச் சங்கத்தின் படியே.

அங்கே நகைக் கடன் வழங்கும் முறையை அருகிருந்து பார்க்கவேண்டும். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசி மாற்றுப் பார்த்து, கல்லும் அரக்கும் போக நிகர எடையைச் சொல்ல, எழுத்தர் அதை மனுவிலும் பதிவேட்டிலும் குறித்து, கடன்தாரரின் கையொப்பமோ கைரேகையோ வாங்கி, நகையைச் சிறு பையிலிட்டு, கடன் எண்ணும் பெயரும் எழுதிய சீட்டைச் சேர்த்துக் கட்டிப் பெட்டகத்துக்கு அனுப்புகிறார். அந்தப் பெட்டகம் ஒரு சாவிக்குத் திறப்பதில்லை. செயலாளரிடம் ஒன்றும் மற்றோர் ஊழியரிடம் ஒன்றுமாக இருக்கும் இரண்டு சாவிகளும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஒருவர் மாறுதலாகிப் போகும்போது சாவியை ஒப்படைத்துக் கையெழுத்திட்டுவிட்டே போகவேண்டும். மேலதிகாரிகள் முன்னறிவிப்பின்றி வந்து பைகளைப் பிரித்து எடை பார்ப்பதும் உண்டு. எவ்வளவு யோக்கியமான மனிதரையும் அந்தக் கதவுக்கு முன்னால் தனியாக நிறுத்தக் கூடாது என்று நீண்ட அனுபவத்தில் கண்டு வகுத்த ஏற்பாடு இது. நேர்மையான செயலாளருக்கே இதனால் ரட்சணை அதிகம். ஏனெனில் ஏதாவது குறைந்தால், பழி அவர் ஒருவர் தலையில் மட்டும் விழாது.

இந்தச் சங்கங்களின் பேரேடுகள் இப்போது கணினிக்குள் குடிபெயர்ந்துகொண்டிருக்கின்றன. நாடெங்கும் செயல்பட்டுவரும் 63,000 தொடக்கச் சங்கங்களை ஐந்தாண்டுகளில், 2,516 கோடி ரூபாய்ச் செலவில் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29-ஆம் தேதி ஒப்புதல் அளித்தது. தமிழ்நாடும் அதில் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு சங்கத்திலும் தனித்தனியே மென்பொருளை நிறுவாமல், தொலைவிலுள்ள தரவு மையத்தில் இயங்கும் ஒரே பொது மென்பொருளை எல்லாச் சங்கங்களும் இணையத்தின் வழியே உபயோகிப்பது, அதாவது கிளவுட் என்று இப்போது எல்லாரும் சொல்லுகிற முறை, இத்திட்டத்தின் அஸ்திவாரம். விவரங்கள் ஓரிடத்தில் சேர்வதால் விளையும் நன்மையை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஐந்து சவரனுக்கு உட்பட்ட கூட்டுறவு நகைக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2021-ல் தமிழக அரசு அறிவித்தபோது, எல்லாச் சங்கங்களின் கடன் விவரங்களையும் திரட்டி ஆதார் எண்ணோடும் குடும்ப அட்டையோடும் ஒப்பிட்டதால் அல்லவா, ஒரே நபர் பல சங்கங்களில் நகை வைத்திருந்ததும், இன்னும் பல முறைகேடுகளும் வெளிப்பட்டன? தனித்தனிப் பேரேடுகளைப் புரட்டி அதைக் கண்டுபிடிப்பது யாராலும் ஆகிற காரியமன்று.

ஆயினும் புதிய கணினியும் அச்சுப்பொறியும் வந்து இறங்கிய சங்கங்களில் என் மனத்தைச் சங்கடப்படுத்துகிற காட்சி ஒன்று உண்டு. பெட்டகத்துக்கு இரண்டு சாவி வைத்திருக்கும் அதே அலுவலகத்தில், அந்தப் பெட்டகத்துக்குள் இருப்பது இன்னது என்று சொல்லும் கணக்குக்கு ஒரே சாவிதான் இருக்கிறது. அந்தச் சாவியும் மானிட்டரின் ஓரத்தில், ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. செயலாளருக்கு இரண்டு சங்கங்களின் கூடுதல் பொறுப்பு, அவர் இன்று வேறு ஊரில் இருக்கிறார், கடனுக்கு அவர் ஒப்புதல் தரவேண்டிய கட்டம் வந்ததும், “சார், ஓ.டி.பி. வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்க” என்று எழுத்தர் போன் செய்கிறார், அவரும் பஸ்ஸில் நின்றபடியே ஆறு இலக்கங்களைச் சத்தமாகப் படிக்கிறார். கடனைப் பதிகிறவரும் அதை அங்கீகரிக்கிறவரும் வெவ்வேறு நபர்களாக இருக்கவேண்டும் என்று மென்பொருளை எழுதியவர்கள் வகுத்த கட்டுப்பாடு, அந்த ஒரு போன் அழைப்பில் அழிந்துபோகிறது. அவர்கள் இருவர்மேலும் எனக்குக் கோபமில்லை. வாசலில் பத்துப் பேர் காத்திருக்கும்போது, ஆள் பற்றாக்குறையான அலுவலகத்தில் வேலை நடக்கவேண்டுமே என்ற கவலையில் செய்கிறார்கள். பெட்டகச் சாவியை இப்படிக் கைமாற்றிக் கொடுக்க அவர்கள் கனவிலும் சம்மதிக்கமாட்டார்கள். இந்த ஆறு இலக்கங்களும் அதே சாவிதான் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் பயிற்சியை யாரும் உருப்படியாக அளிக்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

அப்படியானால் கணக்கைச் சங்கத்துக் கணினியிலேயே வைத்துக்கொள்வது உத்தமம் அல்லவா என்று கேட்கலாம். நான் அப்படிக் கருதவில்லை. 2017 மே 12-ஆம் தேதி தொடங்கி ஏறக்குறைய 150 நாடுகளின் கணினிகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்ட ‘வான்னாக்ரை’ என்ற தீநிரல் புகுந்த ஓட்டைக்கு, மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் மாதத்திலேயே திருத்தம் வெளியிட்டுவிட்டது. திருத்தத்தைப் போட்டுக்கொள்ளாதவர்களே மாட்டிக்கொண்டார்கள். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளே அதில் தப்பவில்லை. ஆஸ்பத்திரிகளின் நிலை அதுவென்றால், ஒரு எழுத்தரும் ஒரு விற்பனையாளரும் மட்டுமே உள்ள கிராமச் சங்கத்தில், மின்சாரம் போய்ப்போய் வருகிற அறையில், அப்டேட் போடுவதையும் பேக்கப் எடுப்பதையும் நாள் தவறாமல் யார் கவனிப்பார்கள்? அந்த வேலைக்கென்றே ஆட்களை வைத்து, இருவேறு நகரங்களில் பிரதிகளைப் பாதுகாக்கும் மையத்தில் கணக்கு இருப்பது மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கணக்கை ஒப்படைத்தோமே தவிர ஜவாப்தாரித்தனத்தை ஒப்படைக்கவில்லை என்பதை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு, நம் நாட்டிலேயே ஒரு திருஷ்டாந்தம் நிகழ்ந்துவிட்டது.

டி.சி.எஸ். நிறுவனமும் பாரத ஸ்டேட் வங்கியும் கூட்டாக ஏற்படுத்திய ஸி-எட்ஜ் என்ற நிறுவனம், கூட்டுறவு வங்கிகளுக்கும் வட்டார கிராமிய வங்கிகளுக்கும் இத்தகைய மென்பொருள் சேவையை அளித்துவருகிறது. 2024 ஜூலை இறுதியில் அதன் கணினி அமைப்புகளில் சில, பணயத்தொகை கேட்கும் தீநிரலுக்கு இலக்காயின. தொற்று மற்ற வங்கிகளுக்குப் பரவாதிருக்க, யு.பி.ஐ. முதலிய பரிவர்த்தனைகளை நடத்தும் என்.பி.சி.ஐ. கழகம், ஜூலை 31-ஆம் தேதி ஸி-எட்ஜைத் தன் வலையமைப்பிலிருந்து துண்டித்ததாக அறிவித்தது. அதனால் சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் போனிலிருந்து பணம் அனுப்ப இயலாமல் திகைத்தார்கள். நாட்டின் மொத்தப் பரிவர்த்தனையில் அந்த வங்கிகளின் பங்கு மிகச் சொற்பம் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மைதான், ஆனால் அந்தச் சொற்பத்துக்குள் இருந்தவர்களுக்கு வேறு வங்கி இல்லை. மறுநாளே இணைப்பு மீண்டது. பெங்களூரைச் சேர்ந்த கிளவுட்செக் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பின்னர் வெளியிட்ட அறிக்கை, இந்த விபரீதம் ஸி-எட்ஜின் கூட்டாளி நிறுவனமான பிரான்ட்டூ டெக்னாலஜியில், சரியாக அமைக்கப்படாத ஜென்கின்ஸ் சர்வர் ஒன்றிலிருந்து தொடங்கியது என்றது. மென்பொருள் ஆக்குவோர் தம் நிரல்களைக் கோத்துச் சோதிக்க உபயோகிக்கும் கருவி அது. அந்த அறிக்கை சுட்டிய ஓட்டைக்கு அவ்வாண்டு ஜனவரியிலேயே திருத்தம் வெளியாகியிருந்தது.

இந்தச் சங்கிலியைச் சற்று நின்று பார்க்கவேண்டும். கிராமத்து வாடிக்கையாளருக்குத் தெரிந்தது தம் வங்கி. வங்கிக்குத் தெரிந்தது ஸி-எட்ஜ். அதற்கும் அப்பால் ஒரு நிறுவனம், அந்த நிறுவனத்தில் ஒரு சர்வர், அந்தச் சர்வரில் போடப்படாத ஒரு திருத்தம். முதல் கண்ணியில் இருப்பவருக்கும் கடைசிக் கண்ணியில் இருப்பவருக்கும் ஒருவர் பெயர்கூட மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் அங்கே யாரோ தள்ளிப்போட்ட ஒரு வேலைக்காக, இங்கே ஒருவர் மருந்துக் கடையில் பணம் கட்ட முடியாமல் நிற்கவேண்டியதாகிறது.

சொந்தக் கட்டடத்துக்குள் கணக்கை வைத்திருந்தவர்களுக்கும் சோதனை வந்ததுண்டு. அதில் ஒரு படிப்பினை இருப்பதால் சொல்லுகிறேன். 1904-ல் தோன்றிய கும்பகோணம் சிட்டி யூனியன் வங்கியில், 2018 பிப்ரவரியில் ஸ்விஃப்ட் என்ற சர்வதேசப் பணம் அனுப்பும் அமைப்பின் வழியே, வங்கி அறியாமல் மூன்று உத்தரவுகள் வெளிநாடுகளுக்குப் போயின. தொகை ஏறக்குறைய இருபது லட்சம் டாலர். அனுப்பிய தொகைக்கு ஒப்புகைச் சீட்டை அடித்துத் தரும் அச்சுப்பொறியை, ஊடுருவியவர்கள் முன்னதாகவே முடக்கி வைத்திருந்தார்கள். ஆயினும் மறுநாள் காலையில் வழக்கம்போல் வரவையும் செலவையும் ஒத்துப் பார்த்தபோது வித்தியாசம் தென்பட்டது; உடனே சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குத் தகவல் பறந்தது; ஒரு தொகை வழியிலேயே தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. எந்த உயர்ந்த கருவியும் கண்டுபிடிக்காததை, தினந்தோறும் கணக்கை நேர் பார்க்கும் அந்தப் பழைய வழக்கம் கண்டுபிடித்தது. ஆகவேதான், கணினி வந்துவிட்டது என்று நாள்முடிவு அறிக்கையை அச்சிட்டுக் கையிருப்போடு ஒத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்ட சங்கங்களைக் கண்டால் எனக்கு மனம் பதைக்கிறது.

சட்டத்தின் நிலை என்ன? தகவல் தொழில்நுட்பப் பணிகளை வெளியாரிடம் ஒப்படைப்பது குறித்து ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் பிறப்பித்து அக்டோபர் முதல் அமலாக்கிய நெறிமுறை, பணியை யாரிடம் கொடுத்தாலும் இறுதிப் பொறுப்பு வங்கியின் இயக்குநர் குழுவுக்கும் உயர் நிர்வாகத்துக்குமே உரியது என்று திட்டமாகக் கூறுகிறது. ஆனால் அது வணிக வங்கிகளுக்கும் பெரிய நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கும் அவை போன்ற நிதி நிறுவனங்களுக்குமானது. தொடக்க வேளாண்மைச் சங்கங்களோ வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கே புறம்பானவை. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காக அந்தத் தர்மம் கிராமத்துக்குப் பொருந்தாது என்று ஆகிவிடாது. சேவை அளிப்பவரின் பின்னால் வேறு எந்த நிறுவனங்கள் நிற்கின்றன, பிரதி எங்கே இருக்கிறது, அந்தப் பிரதியிலிருந்து கணக்கை மீட்டுக் கடைசியாக எப்போது ஒத்திகை பார்த்தார்கள், இணைப்பு ஒரு வாரம் அற்றுப்போனால் கடன் தவணையை எந்தப் புத்தகத்தில் எழுதுவது என்று ஒப்பந்தம் செய்கிற மேலிடம் கேட்டறிந்து, அதைச் சங்கங்களுக்குத் தமிழில் எழுதி அனுப்பவேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் நம் அலுவலகங்களில் மிகுதி. இந்த ஒரு விஷயத்திலாவது அதை விட்டொழிக்கவேண்டும்.

சங்கத்தின் கையில் உள்ள காரியங்களும் உண்டு; அவற்றுக்குச் செலவு மிகக் குறைவு. ஆளுக்கொரு பயனர் பெயர், மாறுதலான அன்றே அவர் பெயரை நீக்குதல், ஓ.டி.பி.யைப் போனில் சொல்லாதிருத்தல். செயலாளர் வர இயலாத நாளுக்கு எழுத்து மூலம் அதிகாரம் பெற்ற மாற்று நபர். பணம் பறிபோனதாகத் தெரிந்த கணத்தில் 1930 என்ற எண்ணுக்குப் பேசவேண்டும் என்பதும், கணினி ஊடுருவலைச் செர்ட்-இன் என்ற மத்திய அமைப்புக்கு ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்று 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு இருப்பதும், அலுவலகச் சுவரில் கடன் வட்டி விகிதப் பலகைக்குப் பக்கத்திலேயே எழுதித் தொங்கவேண்டியவை.

சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் தணிக்கை அறிக்கையை வாசிக்கும்போது, நகைகளைச் சரிபார்த்த தேதியையும் வாசிக்கிறார்கள். அதே கூட்டத்தில், சங்கத்தின் மென்பொருளுக்குள் நுழையும் அதிகாரம் பெற்றவர்களின் பட்டியலையும், பணியிலிருந்து போனவர்களின் பெயர்கள் நீக்கப்பட்ட தேதிகளையும் வாசிக்கவேண்டும் என்று அங்கத்தினர்கள் கோரலாம். தம் ஆதார் எண்ணும் நில விவரமும் நகையின் எடையும் யார் யார் கண்ணில் படுகின்றன என்று கேட்க, கடன் வாங்கியவருக்கும் பூரண பாத்தியதை உண்டு.

(தொடரும்)