பெருங்குடல் புண்ணும் காலமறிந்த பரிசோதனையும்

சங்கத்தில் துணி ஏற்கும் நாளன்று புடவையை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பார்ப்பது வழக்கம். நெய்தவர் கண்ணுக்கே தப்பிய இழைப்பிசகு அங்கே வெளிப்பட்டுவிடும். நல்ல கைக்காரர் நெய்தது என்பதற்காக எவரும் பார்க்காமல் விடுவதில்லை. ஆனால் உடம்பு விஷயத்தில் நம்மில் பலருடைய கட்சி வேறாக இருக்கிறது. “நோவில்லாதபோது டாக்டரிடம் போவானேன்?” என்கிறோம். பல நோய்களில் இக்கட்சிக்கு ஓரளவு நியாயமும் உண்டு. நாம் இங்கே கூறப் புகுந்த நோயில் அஃது உயிருக்கே கேடாய் முடியக்கூடும்.

குடல் அழற்சி நோய் என்று டாக்டர்கள் கூறுவதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் புண். பெருங்குடலின் உட்சவ்வு மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிச் சிவந்து புண்ணாவது இது. மற்றொன்று கிரோன் நோய். இதனை 1932-இல் நியூயார்க் மௌண்ட் சைனாய் மருத்துவமனையின் பர்ரில் கிரோனும் அவருடைய தோழர் இருவரும் விவரித்தனர். அது வாய் முதல் ஆசனவாய் வரை எவ்விடத்தும் வரலாம். பெருங்குடலின் கணிசமான பகுதியைப் பற்றியிருந்தால், நாம் கீழே கூறுவன அதற்கும் பொருந்தும்.

கிருமியால் வரும் சீதபேதி சில நாட்களில் தீர்ந்துபோகும். இந்நோய்களோ தணிவதும் கிளம்புவதுமாக ஆண்டுக்கணக்கில் தொடர்வன. இரத்தமும் சளியும் கலந்த கழிச்சல், வயிற்றுவலி, உடல் இளைப்பு ஆகியவை இவற்றின் குறிகள். குழித்தறியில் அமர்ந்தவர் நாளொன்றுக்குப் பத்து முறை எழுந்தோட நேர்ந்தால் அவர் படும் பாட்டையும் கூச்சத்தையும் சொல்ல வேண்டுவதில்லை. மூலமென்று தாமே முடிவு செய்து களிம்பு தடவி ஆண்டுகளைப் போக்கிவிடுவோரும் உண்டு. இது மேனாட்டார் நோய் என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்டது. பஞ்சாபில் எடுத்து 2003-இல் வெளியிட்ட கணக்கெடுப்போ இலட்சம் பேரில் ஏறத்தாழ 44 பேருக்குப் பெருங்குடல் புண் இருப்பதைக் காட்டியது.

நெடுநாள் புண்பட்ட பெருங்குடலில் புற்றுநோய் தோன்றக்கூடும் என்பதை 1925-லேயே கிரோனும் ரோஸன்பர்கும் எழுதியுள்ளனர். எத்தனை பேருக்கு என்பதே கேள்வி. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2001-இல் வெளியிட்ட கணக்கின்படி, பெருங்குடல் புண் தொடங்கிப் பத்தாண்டில் நூற்றுக்கு 2 பேருக்கும், இருபதாண்டில் 8 பேருக்கும், முப்பதாண்டில் 18 பேருக்கும் புற்று வரலாம். லண்டன் செயிண்ட் மார்க்ஸ் மருத்துவமனையினர் தாம் கண்காணித்து வந்த 600 பேரின் முப்பதாண்டுக் கணக்கை 2006-இல் வெளியிட்டபோது இவ்விகிதம் குறைவாகவே இருந்தது. இருபதாண்டில் 2.5, முப்பதாண்டில் 7.6, நாற்பதாண்டில் 10.8 என்பது அவர்கள் கண்டது. ஆகவே, இந்நோயுடையோரில் பெரும்பாலோர்க்குப் புற்று வருவதில்லை. எனினும் ஆண்டு ஏற ஏற அபாயமும் ஏறுகிறது. மலக்குடலோடு மட்டும் நின்றுவிட்ட புண்ணில் இந்த அபாயம் பொதுமக்களுக்கு உள்ளதைவிட அதிகமில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

பெருங்குடற் புற்று பொதுவாக ஒரு சிறு கட்டியாக எழும்பிப் பின்பே கெடும். புண்பட்ட குடலிலோ அது பல வேளைகளில் தட்டையாகவே படர்கிறது. புற்றாவதற்கு முன்னர் உயிரணுக்கள் வடிவமும் ஒழுங்கும் மாறுகின்றன. இந்நிலையை டிஸ்பிளேசியா என்பர். செயிண்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பாஸில் மார்சனும் அவருடன் பணிசெய்த பாங்கும் 1967-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். மலக்குடலில் கிள்ளியெடுத்த சவ்வுத் துணுக்கில் இம்மாறுதல் காணப்படின், பெருங்குடலின் வேறிடத்தில் புற்று இருக்கலாம் என்பதற்கு அஃது எச்சரிக்கையாகும் என்பதே அது. அதற்கு முன்பெல்லாம் நெடுநாள் நோயாளிக்கு, புற்று வருமோ என்ற அச்சத்தினாலேயே பெருங்குடல் முழுவதையும் அகற்றிவிடுவதுண்டு. 1969-இல் நியூயார்க்கில் உல்ஃப், ஷின்யா என்னும் இரு டாக்டர்கள் வளையும் குழாயைப் பெருங்குடல் முழுவதும் செலுத்திப் பார்க்கும் கொலனாஸ்கோப்பி முறையை வளர்த்தனர். அதன் பின்னர் உள்ளே முழுவதும் பார்த்து முடிவு செய்ய வழி பிறந்தது.

ஆனால் தட்டையான மாறுதலைக் கண்ணால் எப்படிக் காண்பது? பல்லாண்டு காலம் டாக்டர்கள் பத்து சென்டிமீட்டருக்கு ஓரிடமாக, நான்கு புறமும் குறிப்பின்றித் துணுக்கெடுத்து வந்தனர். ஒருவருக்கு முப்பதுக்கு மேற்பட்ட துணுக்குகள் சேரும். புடவையை விரிக்காமல் ஆங்காங்கே இழையைக் கிள்ளிப் பார்ப்பது போன்ற முறை இது!

இதற்கு மாற்று வந்த வழி நம் உறுப்பினர்களுக்குச் சற்று வியப்பளிக்கும். அவுரியிலிருந்து எடுத்த நீலத்தை நெசவாளரும் குடியானவரும் நன்கறிவர். அந்நீலத்தைக் கந்தக அமிலத்தில் பக்குவப்படுத்தினால் கிடைப்பது இண்டிகோ கார்மைன் என்னும் நீரில் கரையும் சாயம். (இன்று ஆலையில் செய்த நீலமே அதற்கு மூலப்பொருள்.) நீர்த்த இச்சாயத்தைக் குடலின் உட்சுவரில் தெளித்தால், அது சவ்வில் ஏறாமல் பள்ளங்களிலும் வரிகளிலும் தங்குகிறது. அதனால் மேடும் ஓரமும் தெளிவாகத் தெரிகின்றன. செயிண்ட் மார்க்ஸில் 100 பேரிடம் செய்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பின்றி எடுத்த 2,904 துணுக்குகளில் ஒன்றிலும் டிஸ்பிளேசியா காணப்படவில்லை. சாயம் தெளிக்குமுன் கண்ணுக்குப்பட்ட இடங்களில் 2-இலும், தெளித்தபின் புதிதாய்ப் புலப்பட்டவற்றில் மேலும் 7-இலும் அது காணப்பட்டது. இன்றைய கருவிகள் உயர்ந்த தெளிவுடையன. ஆதலின் சாயமின்றியே நன்கு பார்க்கலாம் என்போரும் உளர். எம்முறையாயினும் அவசரமின்றிப் பார்ப்பவர் கையில்தான் பயன் இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம்.

எப்போது போக வேண்டும்? முதற்குறி தோன்றி எட்டாண்டு ஆனதும் முதற்பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். டாக்டர் நோய்க்குப் பெயரிட்ட நாளிலிருந்து எண்ணலாகாது; இரத்தம் முதலில் கண்ட ஆண்டிலிருந்து எண்ண வேண்டும். பித்தநாளங்கள் இறுகும் கல்லீரல் நோயும் சேர்ந்திருப்போர் எட்டாண்டு காத்திராமல் உடனே தொடங்கி ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றவர்க்குப் புண்ணின் பரப்பு, அழற்சியின் கடுமை, பெற்றோர் உடன்பிறந்தார்க்குக் குடற்புற்று இருந்தமை ஆகியவற்றைக் கொண்டு ஓராண்டு, இரண்டு மூன்றாண்டு, ஐந்தாண்டு எனத் தவணை குறிப்பர். மேலும், கூடியவரை நோய் தணிந்திருக்கும் காலத்திலேயே இதனைச் செய்வர். சவ்வு கொதித்திருக்கும்போது அழற்சியின் மாறுதலையும் புற்றுக்கு முந்திய மாறுதலையும் பிரித்தறிவது கடினம். ஆகையால் நோவில்லை என்பது போகாமலிருக்கக் காரணமன்று. அதுவே போவதற்கு ஏற்ற காலம்.

குடல் சுத்தமாயிராவிட்டால் முயற்சி வீண். இரண்டு மூன்று நாள் முன்பே கீரை, கொய்யா, தக்காளி போன்ற நாரும் விதையும் உள்ளவற்றை நிறுத்த வேண்டும். முதல்நாள் ஆஸ்பத்திரியார் அனுமதிக்கும் தெளிந்த நீராகாரங்களே உண்டு. பேதிமருந்தைப் பாதி முதல்நாள் மாலையும் பாதி அன்று விடியலிலும் குடிக்கச் செய்வர். மருந்து ருசிப்பதில்லை, அதை மறைப்பதற்கில்லை. இரும்புச்சத்து மாத்திரை, இரத்தம் உறையாமைக்கான மருந்து இவற்றை உட்கொள்வோர் முன்னதாகவே டாக்டரிடம் கூறவேண்டும். பாவு தறியில் ஏறியிருக்கும்போது இரண்டு நாள் போவது எளிதன்று என்பதை நாம் அறிவோம். ஒரு பாவு முடிந்து மறுபாவு ஏற்றுமுன், அல்லது நடவு முடிந்தபின், நாள் கேட்டுக்கொள்ளலாம்.

மாறுதல் தெளிவான எல்லையுடன் இருப்பின் குழாய் வழியே அதனை அகற்றிவிட்டுத் தொடர்ந்து கவனிப்பர். கண்ணுக்குப் புலப்படாமல் துணுக்குகளில் மட்டும் கடுமையாகவோ பல இடங்களிலோ இருந்தால் பெருங்குடலை அகற்றுவது பற்றிப் பேசவேண்டி வரும். இப்பரிசோதனை எல்லாப் புற்றையும் பிடித்துவிடுவதில்லை. இரண்டு தவணைகளுக்கு இடையே தோன்றியவையும் உண்டு. குடலில் துளை விழும் அபாயம் மிகச் சிறிதாயினும் இல்லாமலில்லை. அழற்சியை அடக்கிவைக்கும் மருந்தும் புற்றின் அபாயத்தைக் குறைக்கும் என்பதால், உடம்பு தேறியதென்று அதைத் தாமாகவே நிறுத்தலாகாது. சாயம் தெளித்துக்கொண்டவர்க்கு மறுநாள் மலம் நீலமாகவோ பச்சையாகவோ போகக்கூடும். அதற்கு அஞ்சவேண்டுவதில்லை, ஓரிரு நாளில் நின்றுவிடும்.