நூலிழை யுக்கா

அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில், மணற்பாங்கான நிலங்களில் இயற்கையாக வளரும் ‘யுக்கா ஃபிலமென்டோசா’, தண்ணீர்விட்டான் கிழங்கு இடம்பெறும் அஸ்பராகேசியே குடும்பத்தைச் சேர்ந்த, பல்லாண்டு வாழும் செடியாகும். தரையை ஒட்டி வட்டமாக அடுக்கப்பட்ட அதன் வாள் வடிவ இலைகளின் விளிம்பிலிருந்து வெண்ணிற நார்கள் சுருள் சுருளாகப் பிரிந்து தொங்குவதே இச்செடியின் அடையாளம். கோடையில் இலைகளின் நடுவிலிருந்து ஆளுயரத்தையும் தாண்டி எழும் பூந்தண்டில், பாலாடை நிறப் பூக்கள் மணிகளைப் போலக் கவிழ்ந்து தொங்கும்.

இதன் மகரந்தச் சேர்க்கை, யுக்கா அந்துப்பூச்சி எனப்படும் சிறிய வெண்ணிறப் பூச்சியைச் சார்ந்துள்ளது. பெண் பூச்சி ஒரு பூவின் மகரந்தத்தைத் திரட்டி, உருண்டையாக்கித் தலைக்கடியில் சுமந்து சென்று, வேறொரு பூவின் சூலகத்தில், அதாவது விதைகள் உருவாகும் பகுதியில், முட்டையிட்டபின், அம்மகரந்தத்தைச் சூல்முடியில் வைத்து அழுத்துகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழுக்கள் விதைகளில் ஒரு பகுதியை உண்ண, எஞ்சியவை முளைத்து இனத்தைப் பெருக்குகின்றன. இப்பூச்சி இல்லாத நாடுகளில், கையால் மகரந்தம் சேர்த்தாலொழிய விதை பிடிப்பது அரிது.

ஆகவே தோட்டங்களில் இச்செடி, அடியில் கிளைக்கும் பக்கக்கன்றுகளைப் பிரித்து நட்டோ, வேர்த்துண்டுகளைப் புதைத்தோ பெருக்கப்படுகிறது. முழு வெயிலையும் நீர் எளிதில் வடியும் மண்ணையும் விரும்பும் இது, நன்கு வேரூன்றிய பின் வறட்சியையும் உறைபனியையும் தாங்கினாலும், நீர் தேங்கினால் வேரழுகி மடியும். பூத்து முடிந்த இலைத்தொகுதி காய்ந்துவிட்டாலும் பக்கக்கன்றுகள் தொடர்ந்து வளர்வதால், உலர்ந்த தண்டை மட்டும் வெட்டி அகற்றினால் போதுமானது.