பனித்தட்டுக்கு அடியில் பச்சை வண்டல்

துருவக் கடல்களின் அடியில் படிந்திருக்கும் வண்டலைக் கொண்டு, அந்தக் கடல் எந்தக் காலத்தில் உறைந்து கிடந்தது, எந்தக் காலத்தில் பனியின்றி இருந்தது என்று கணிக்கிறார்கள். மற்றக் கடல்களில் பழைய வெப்பநிலையை அறிய, ஃபொராமினிஃபெரா என்னும் நுண்ணுயிரிகளின் சுண்ணாம்பு ஓடுகள் கைகொடுக்கும். துருவக் கடலின் குளிர்நீரில் சுண்ணாம்பு எளிதில் கரைவதால் அவை அரிதாகவே மிஞ்சுகின்றன. அங்கே உதவுபவை டயாட்டம்கள், அதாவது சிலிக்கா ஓடு கொண்ட ஒருசெல் பாசிகள். வெளிச்சம் இல்லாமல் இவை பெருகுவதில்லை. ஃப்ராகிலாரியாப்சிஸ் கர்ட்டா என்ற இனம் மிகுந்திருந்தால் கடற்பனி அருகில் இருந்தது. அதே பேரினத்தின் கெர்கூலென்சிஸ் மிகுந்திருந்தால் கடல் திறந்திருந்தது.

இந்த ஆய்வுமுறையின் வலிமையை அண்டார்க்டிகாவின் ராஸ் கடல் காட்டியதுபோல் வேறெதுவும் காட்டியதில்லை எனலாம். அமெரிக்கா, நியூசிலாந்து, இத்தாலி, ஜெர்மனி இணைந்து நடத்திய ஆண்ட்ரில் திட்டம், 2006-இன் இறுதியில் அங்குள்ள மக்மர்டோ பனித்தட்டின் மேல் துளைக்கருவியை நிறுவியது. சுமார் 85 மீட்டர் பனியை வெந்நீரால் துளைத்து, 800 மீட்டருக்கும் அதிகமான நீரைக் கடந்து, கடலடிக்குள் 1,285 மீட்டர் வரை இறங்கினார்கள். துளைத்த ஆழத்தில் 98 சதவீதம் உருளை உருளையாக மேலே வந்தது. ஓதத்தோடு ஏறி இறங்கும் பனியின்மேல் நின்று இதைச் செய்தது அரிய சாதனை.

அந்த உருளைகளில் இரண்டு வகைப் படிவுகள் மாறி மாறி வருகின்றன. ஒன்று, சேறும் சரளையும் கல்லும் தரம்பிரியாமல் கலந்தது. தரையை உரசி நகர்ந்த பனி விட்டுச்சென்றது. மற்றது பச்சை சாயல் கொண்ட, ஏறக்குறைய முழுக்க டயாட்டம் ஓடுகளாலான படிவு. பனித்தட்டே இல்லாமல், மேலே வெயில் விழும் கடல் இருந்தால்தான் இது உருவாகும். இடையிடையே உள்ள எரிமலைச் சாம்பலும், புவிக்காந்தத் திசை மாற்றத்தின் தடங்களும் ஒவ்வொரு அடுக்கின் வயதையும் தருகின்றன.

2009-இல் வெளியான முடிவுகள் கவலை தருபவை. 50 முதல் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பூமியின் அச்சுச் சாய்வு மாறும் கதியில், ஏறக்குறைய 40,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை மேற்கு அண்டார்க்டிகாவின் பனி சரிந்து மீண்டிருக்கிறது. அப்போது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 400 பங்கு வரை இருந்தது. பூமி இன்றைவிட 3 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமாக இருந்தது. மேற்கு அண்டார்க்டிகப் பனி அழிந்த காலங்களில் கடல்மட்டம் 7 மீட்டர் வரை உயர்ந்திருக்கும் என்று கணினி மாதிரி காட்டியது. இன்றோ கரியமில வாயு 420 பங்கைத் தாண்டிவிட்டது.

வண்டல் என்னும் இந்த ஆவணத்தில் விடுபட்ட பக்கங்களும் உண்டு. முன்னேறும் பனி, பழைய அடுக்குகளைச் சுரண்டி எடுத்துவிடுகிறது. ஓரிடத்தில் அழிந்தது வேறிடத்தில் தப்பியிருக்கலாம் என்பதால், 2018-இல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் கப்பல் ராஸ் கடலின் வேறு ஐந்து இடங்களில் துளையிட்டது.