கால் பிழைக்குமா?

திண்டுக்கல்லிலிருந்து கரூர் சாலையில் சில மைல் போனால் தாடிக்கொம்பு வரும். அங்கே சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்தில், ஒரு காலை வானுக்குத் தூக்கி நிற்கும் உலகளந்த பெருமாளைக் கண்டு வியவாதார் இரார். அதே கோயிலில் தன்வந்திரிக்கும் ஒரு சந்நிதி உண்டு. காலைப் பற்றியும் வைத்தியத்தைப் பற்றியும் பேச இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

இன்னொரு பொருத்தமும் உண்டு. அது அவ்வளவு மகிழ்ச்சிக்குரியதன்று. திண்டுக்கல் சீமை சுருட்டுக்குப் பெயர் போனது. ஸ்பென்ஸர் கம்பெனியின் சுருட்டுகள் இங்கிருந்துதான் கடல் கடந்து சென்றன. அந்தப் புகையிலைக்கும் மனிதன் காலுக்கும் தீராப் பகை.

1908-ம் வருஷம் நியூயார்க்கில் லியோ பியூர்கர் என்ற டாக்டர், வெட்டி அகற்றப்பட்ட பதினொரு கால்களைச் சோதித்து ஒரு வியாதியை விவரித்தார். புகைபிடிக்கும் வாலிபர்களின் கை கால்களில் சிறிய இரத்தக் குழாய்கள் அழற்சியுற்று அடைபட்டுப் போகின்றன. நம் நாட்டில் பீடி குடிக்கும் உழைப்பாளிகளை இது பிடிக்கிறது. முதியவர்களுக்கோ பெரிய குழாய்களில் கொழுப்புப் படிகிறது. அதற்கும் புகையும் சர்க்கரை வியாதியும் துணை. சிறிது தூரம் நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் விடும். நாளடைவில் படுத்திருக்கையிலேயே விரல் எரியும். பிறகு கறுக்கும்.

தூர்ந்த வாய்க்காலுக்குப் பக்கத்தில் வேறு கால் வெட்டி நீர் பாய்ச்சுவதில்லையா? 1948-ல் பாரிஸில் ஜான் குன்லின் செய்ததும் அதுவே. நோயாளியின் காலிலிருந்தே ஒரு நாளத்தை எடுத்து, அடைப்பைச் சுற்றி இணைத்தார். நாளத்தினுள் ஒருவழிக் கதவுகள் உண்டு. ஆகையால் அதைத் தலைகீழாகத் திருப்பியே தைக்க வேண்டும்! 1964-ல் அமெரிக்காவில் சார்லஸ் டாட்டர், காலை வெட்டச் சம்மதியாத 82 வயது மூதாட்டிக்குக் கத்தியின்றி, குழாய் செலுத்தியே அடைப்பை அகலப்படுத்தினார். அந்த அம்மாள் கடைசிவரை சொந்தக் காலிலேயே நடந்தார்.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. முழங்காலுக்கு மேல் சொந்த நாளத்தை வைத்தால், ஐந்து வருஷங்களுக்குப் பின்னும் நூற்றில் சுமார் எழுபது திறந்திருக்கின்றன. செயற்கைக் குழாயானால் ஏறக்குறையப் பாதிதான். புண் சீழ்ப்பிடிக்கலாம், இரத்தம் கசியலாம். காலில் அடைப்புள்ளவருக்கு இருதயத்திலும் அடைப்பு இருப்பது சகஜமாகையால், சிகிச்சை வேளையில் மாரடைப்பும் நேரலாம். வறண்டு கிடந்த தசையில் திடீரென்று இரத்தம் பாய்ந்தால் கெண்டை வீங்கி, உறையைக் கீறி விட வேண்டியும் வரும். வீடு திரும்பிய பின் கால் சட்டென்று சில்லிட்டு வெளுத்து வலித்தால், விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. தசை ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்குவது அரிது.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் மறுபடி பீடியைப் பற்ற வைத்தால்? புதிய குழாய் அடைபடும் அபாயம் மும்மடங்காகிறது. பியூர்கர் வியாதியிலோ, பாதத்தின் நுண்குழாய்களே அடைபட்டிருப்பதால் பெரும்பாலும் இணைக்கவே இடமிராது. கிளீவ்லண்டு ஆஸ்பத்திரிக் கணக்கின்படி, புகையை அடியோடு விட்டவர்களில் உறுப்பை இழந்தவர் நூற்றுக்கு ஐந்தாறு பேர். விடாதவர்களில் நாற்பதுக்கு மேல். எந்த நிபுணரின் கத்திக்கும் இவ்வளவு சாமர்த்தியம் இல்லை.

தாடிக்கொம்பிலிருந்து இரண்டு மணிப் பயணத்தில் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி. அங்கே இரத்தக் குழாய்ச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கெண்டை முதன்முதலில் பிடித்த காலத்திலேயே போகிறவருக்கு, கணுக்காலில் இரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரையும் நடைப் பயிற்சியும் சொல்லி, சட்டைப் பையிலுள்ள பீடிக் கட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு டாக்டர் அனுப்பிவிடவும் கூடும்.