ஏலத்துக்கு வராத அலைவரிசைகள்: சிங்கப்பூரின் அமெச்சூர் வானொலிச் சங்கம்

சிங்கப்பூரில் நிலத்துக்கு இருப்பது போலவே வானலைக்கும் விலை உண்டு. 2017ஆம் ஆண்டில் கைத்தொலைபேசி நிறுவனங்களுக்கென அரசு நடத்திய அலைக்கற்றை ஏலத்தில் நூறு கோடி வெள்ளிக்கும் அதிகமான தொகை திரண்டது; குறிப்பிட்ட சில அதிர்வெண்களைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பயன்படுத்தும் உரிமைக்கே அவ்வளவு பணமும் செலுத்தப்பட்டது. ஆனால் அதே வானலையில், எந்த ஏலத்துக்கும் வராத சில குறுகிய பகுதிகளை உலக நாடுகள் உடன்பாட்டின் பேரில் சாதாரணக் குடிமக்களுக்கென ஒதுக்கி வைத்திருக்கின்றன. தேர்வில் தேறி, சிறு கட்டணம் செலுத்தி உரிமம் பெற்ற எவரும், வருமான நோக்கமின்றி, கற்றலுக்காகவும் நட்புக்காகவும் அங்கே சொந்த ஒலிபரப்புக் கருவியை இயக்கலாம். இதற்கு அமெச்சூர் வானொலி என்று பெயர். இதில் ஈடுபடுவோர் உலகெங்கும் ஹாம்கள் என்றே அழைக்கப்படுகின்றனர். சிங்கப்பூரில் உரிமம் வழங்கும் பொறுப்பு தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்துடையது. ஹாம்களை ஒன்றுசேர்க்கும் அமைப்பு 'சிங்கப்பூர் அமெச்சூர் ரேடியோ டிரான்ஸ்மிட்டிங் சொசைட்டி', சுருக்கமாக சார்ட்ஸ்.

இப்பொழுதுபோக்கின் அறிவியல் அடிப்படை, ஒலி 96.8 வானொலியைக் கேட்டுப் பழகிய சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு முற்றிலும் புதிதன்று. அந்த நிலையத்தின் பெயரிலுள்ள எண் மெகாஹெர்ட்ஸ் அளவைக் குறிக்கிறது. அதாவது அதன் அலை வினாடிக்கு 9 கோடியே 68 லட்சம் முறை அதிர்கிறது, அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதைவிட உயர்ந்த அதிர்வெண்ணில், 144 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் பகுதி ஹாம்களுக்கு உரியது. அலைநீளம் சுமார் 2 மீட்டராக இருப்பதால் அதை 'டூ மீட்டர்' என்றே வழங்குகின்றனர். இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை என்பதால், உயரமான இடத்தில் வைக்கப்படும் ரிப்பீட்டர் எனும் கருவி, பலவீனமான சைகையை வாங்கி வலுவூட்டித் திரும்ப அனுப்புகிறது. கையடக்கக் கருவி வைத்திருக்கும் ஒருவர் அதன் துணையால் தீவின் மறுகோடியில் இருப்பவருடன் பேச முடிகிறது.

கடல் கடந்த உரையாடல்களுக்கு உதவுவது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிற்றலைப் பகுதி. சூரியக் கதிர்களால் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்குகளான அயனி மண்டலம், தரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் இந்த அலைகளை வளைத்து மீண்டும் பூமிக்கே அனுப்புவதால், சுமார் 2,900 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னையைச் சிங்கப்பூரின் அலை ஒரே தாவலில் எட்டிவிடக்கூடும். சூரியனின் செயல்பாடு ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை உச்சம் தொட்டுத் தணிவதால், சில ஆண்டுகளில் சிறிய கருவிக்கும் தென்னமெரிக்கா எட்டும்; வேறு சில ஆண்டுகளில் தொலைதூரக் குரல்கள் அரிதாகவே கேட்கும். இந்த நிச்சயமின்மையே ஹாம்களை நள்ளிரவிலும் கருவியின் முன் உட்கார வைக்கிறது.

சிங்கப்பூரில் அமெச்சூர்களின் வரலாறு, முறையான வானொலி நிறுவனங்களின் வரலாற்றைவிட மூத்தது. 1920களின் நடுப்பகுதியில், மலாயா அமெச்சூர் வயர்லெஸ் சங்கத்தைச் சேர்ந்த ஆர்வலர்களே இங்கு முதன்முதலில் இசையையும் பேச்சையும் ஒலிபரப்பினர். பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் கால்ட்டிகாட் குன்றில் நிலையம் அமைத்து இயங்கத் தொடங்கியது 1930களின் பிற்பகுதியில்தான். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் அமெச்சூர் ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போன பிறகு, ரகசியமாக வானொலி வைத்திருப்பதே உயிருக்கு ஆபத்தான செயலாயிற்று. 1943 அக்டோபர் 10ஆம் நாள் சாங்கிச் சிறையில் சோதனையிட்ட ஜப்பானிய ராணுவக் காவல் படை, கப்பல்கள் மீதான தாக்குதலுக்குச் சிறைவாசிகள் வானொலி வழியே துணைபோனதாகச் சந்தேகித்து 57 பேரைக் கொண்டுசென்று வதைத்தது. அவர்களில் 15 பேர் உயிரிழந்தனர். வானலையில் யார் பேசலாம், யார் கேட்கலாம் என்பது ஆட்சியாளர்களுக்கு எத்துணை முக்கியமான கேள்வி என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஒவ்வொரு ஹாமுக்கும் அரசு வழங்கும் அழைப்புக்குறி, அவரது வானலை முகவரியாகும். அதன் முன்னெழுத்துகளைக் கேட்டதுமே பேசுபவரின் நாடு தெரிந்துவிடும்: இந்தியாவுக்கு வியூ, இலங்கைக்கு 4எஸ், மலேசியாவுக்கு 9எம், சிங்கப்பூருக்கு 9வி மற்றும் எஸ்6. பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் சிங்கப்பூர் ஹாம்கள் விஎஸ்1 என்ற முன்னொட்டைப் பயன்படுத்தினர். தனிநாடான பிறகு 9வி1 வந்தது. எத்தனை நாடுகளுடன் பேசியிருக்கிறார்கள் என்பதைக் கொண்டு ஹாம்களுக்கு விருது வழங்கும் ஏஆர்ஆர்எல் என்ற அமெரிக்கச் சங்கத்தின் நாட்டுப் பட்டியலில் இந்த அரசியல் மாற்றம் நாள் கணக்காகப் பதிவாகியிருக்கிறது. 1963 செப்டம்பர் 16 முதல் 1965 ஆகஸ்ட் 8 வரை சிங்கப்பூர் நிலையத்துடன் பேசியவருக்கு அது மேற்கு மலேசியாவின் கணக்கில் சேரும்; அதற்கு முன்போ ஆகஸ்ட் 9 முதலோ பேசியவருக்கே அது சிங்கப்பூர் என்ற தனிக் கணக்கில் ஏறும்.

இந்த அலைவரிசைகளில் எதைப் பேசலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகளில் 25ஆவது பிரிவு, வெவ்வேறு நாட்டு அமெச்சூர் நிலையங்களுக்கிடையிலான பேச்சு, இப்பொழுதுபோக்கு தொடர்பானதாகவோ தனிப்பட்ட விசாரிப்பாகவோ இருக்க வேண்டும் என்றும், பொருளை மறைக்கும் ரகசியக் குறியீடுகள் கூடாது என்றும் வரையறுக்கிறது. ஆகவே வியாபாரமும் விளம்பரமும் இங்கு நுழைய முடியாது; எஞ்சுவது கருவி, அலைவாங்கி, வானிலை, நலம் விசாரிப்பு ஆகியவையே. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அற்பமாகத் தோன்றும் இந்த உரையாடல்களே நாளடைவில் நட்பாகி, நட்பு சங்கமாகி, சங்கம் ஆண்டுக் கூட்டங்களும் விருந்துகளும் கொண்ட ஒரு சமூகமாக வளர்கிறது.

தென்கிழக்காசியாவில் இச்சமூகத்தின் மையமாகப் பல பத்தாண்டுகள் விளங்கியது சீநெட் எனப்படும் தென்கிழக்காசிய வலையம். வலையம் என்பது, குறித்த நேரத்தில் குறித்த அதிர்வெண்ணில் பலர் கூடும் வானலைக் கூட்டம். 1960களில் தோன்றிய சீநெட்டுக்குரிய இடம் 14.320 மெகாஹெர்ட்ஸ், நேரம் உலகப் பொது நேரப்படி நண்பகல் 12 மணி, அதாவது இன்றைய சிங்கப்பூர் நேரப்படி இரவு 8 மணி, இந்திய நேரப்படி மாலை 5.30. இத்தகைய வலையங்களில் கூட்டத்தை நடத்துபவர் முதலில் அவசரச் செய்தி உள்ளவர் எவரேனும் உண்டா என்று கேட்டுவிட்டுச் சில வினாடிகள் அமைதி காப்பார். அந்த அமைதியில் எவரும் குறுக்கிடுவதில்லை. அதன் பின்னரே ஒவ்வொருவராக அழைப்புக்குறியைச் சொல்லி வருகையைப் பதிவு செய்கின்றனர். "ஃபைவ் நைன்" என்றால் பேச்சு முற்றிலும் தெளிவு, சைகை மிக வலுவானது என்று பொருள். விடைபெறும்போது சொல்லும் "செவன்டி த்ரீ", தந்தி ஊழியர்களின் காலத்திலிருந்து தொடரும் வாழ்த்து. வானலையில் குரலாக மட்டும் அறிமுகமானவர்கள் நேரில் சந்தித்துக்கொள்ள சீநெட் மாநாடுகள் வழியமைத்தன. சிங்கப்பூரும் இவற்றை ஏற்று நடத்திய நகரங்களுள் ஒன்று.

சார்ட்ஸ் போன்ற சங்கங்களின் பணிகளுள் இளையரைச் சென்றடைவது முக்கியமானது. உலகச் சாரணர் இயக்கம் 1958 முதல் நடத்திவரும் வானலைச் சாரணர் பெருங்கூட்டம் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்து வார இறுதியொன்றில் நடைபெறுகிறது. உரிமம் பெற்ற ஹாம்கள் நிலையத்தை இயக்க, அவர்களுடைய மேற்பார்வையில் சிறுவர்கள் ஒலிவாங்கியைப் பிடித்து வேறு நாட்டுச் சாரணர்களுடன் பேசுகின்றனர். காணொளி அழைப்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, இரைச்சலுக்குள்ளிருந்து தன் பெயரைச் சொல்லும் ஓர் அந்நியக் குரலைச் செவி கூர்ந்து பிரித்தெடுப்பது புதிய அனுபவமாகிறது. ஒளித்து வைத்த சிறு ஒலிபரப்பியைத் திசையறியும் அலைவாங்கியால் தேடிக் கண்டுபிடிக்கும் 'நரிவேட்டை' விளையாட்டும், மின்கம்பி இணைப்பின்றி வெட்டவெளியில் நிலையம் அமைக்கும் 'களநாள்' பயிற்சியும் உலகெங்கும் அமெச்சூர் சங்கங்களில் வழக்கமானவை. 2003ஆம் ஆண்டின் உலக வானொலித் தொடர்பு மாநாடு, சிற்றலை உரிமத்துக்கு மோர்ஸ் தந்திக்குறி கட்டாயம் என்ற விதியை நீக்கி, முடிவை அந்தந்த நாடுகளிடமே விட்டபின், புதியவர்கள் நுழைவது எளிதாயிற்று.

கருவிகளைத் தாமே செய்து பார்க்கும் பழக்கம் ஹாம்களின் மரபு. இவ்வகையில் லிட்டில் இந்தியாவை ஒட்டிய வட்டாரத்துக்குத் தனி இடமுண்டு. தேக்காவிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவர், மின்தடை, மின்தேக்கி, இணைப்பி, கேபிள், அளவைக் கருவி என மின்னணு உதிரிப்பாகங்களுக்கே பெயர்போன கட்டடம்; சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ஓர் உதிரிப்பாகத்தை எண் சொல்லிக் கேட்டு வாங்கும் பள்ளி மாணவரையும் பழுதுபார்ப்பவரையும் அங்கு ஒரே கடையில் காணலாம். அருகிலிருந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை, பழைய வானொலிப் பெட்டிகளும் கருவிகளும் கைமாறிய இடமாக இருந்து, 2017 ஜூலை 10ஆம் நாளுடன் மூடப்பட்டது. பழைய பெட்டியைப் பிரித்து உறுப்புகளை எடுத்துக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறையின் பள்ளிக்கூடம் அத்துடன் மறைந்தது எனலாம்.

நகரின் அமைப்பு ஹாம்களுக்கு வேறு சோதனைகளையும் வைக்கிறது. குடியிருப்பாளர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் வசிக்கின்றனர். 14 மெகாஹெர்ட்ஸுக்கான எளிய அரையலை அலைவாங்கிக்கே சுமார் 10 மீட்டர் கம்பி தேவை, 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர். கழியில் துணி உலர்த்தும் அளவு இடமே உள்ள சன்னலோரத்தில் இது அடங்காது, வெளிச்சுவரில் நினைத்தபடி எதையும் பொருத்தவும் இயலாது. ஆகையால் ஒரு மீட்டர் விட்டமுள்ள வளைய அலைவாங்கியைச் சன்னலருகில் வைத்துப் பேசுவோரும், பூங்காவுக்குக் கருவியை எடுத்துச் சென்று மின்கலத்தால் இயக்குவோரும் உள்ளனர். எல்இடி விளக்குகளும் மின்னேற்றிகளும் எழுப்பும் மின்னிரைச்சல் ஒரு தொல்லை. ஆண்டில் 160 நாள்களுக்கும் மேல் இடி முழங்கும் இத்தீவில் இயற்கையின் இரைச்சல் மற்றொன்று. எந்த வளையம் எந்தச் சன்னலில் வேலை செய்தது, எந்த வடிகட்டி இரைச்சலைக் குறைத்தது என்ற அனுபவ அறிவு நூல்களைவிடச் சங்கக் கூட்டங்களிலேயே அதிகம் கிடைக்கிறது.

இணையம் எங்கும் பரவிய காலத்தில் இத்தனை பாடு எதற்கு என்ற வினாவுக்கு, 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை ஒரு விடையளித்தது. ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையிலான குழு, ஹாம் நிலையங்கள் நெடுங்காலம் இயங்காதிருந்த அந்தமானிலிருந்து உலக ஹாம்களுடன் பேசுவதற்காக அந்த டிசம்பரில் போர்ட் பிளேரில் தங்கியிருந்தது. சிங்கப்பூரிலிருந்து சுமார் 1,700 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அத்தீவுகளை 26ஆம் நாள் காலை நிலநடுக்கமும் பேரலையும் தாக்கித் தொலைபேசித் தொடர்பு குலைந்தபோது, பொழுதுபோக்குக்காக அமைத்த வியூ4ஆர்பிஐ என்ற அந்த நிலையமே உயிர்பிழைத்தவர்களின் செய்திகளை இந்தியப் பெருநிலத்துக்குக் கொண்டுசேர்க்கும் வழியாயிற்று. விண்ணிலும் ஹாம்களுக்கு ஒரு பாலம் அமைந்தது: 2005 மே 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 ஏவூர்தியில் இந்தியா செலுத்திய 42.5 கிலோ எடையுள்ள ஹாம்சாட் செயற்கைக்கோள், சுமார் ஒன்பது ஆண்டுகள் தெற்காசிய, தென்கிழக்காசிய ஹாம்களின் குரல்களை ஏந்திச் சென்றது.

பேரிடர் தினமும் வருவதில்லை. சங்கங்களோ தினமும் இயங்க வேண்டும். அதற்கான காரணம் வானலையின் அரசியலில் உள்ளது. அதிர்வெண்களைப் பங்கிடும் உலக வானொலித் தொடர்பு மாநாடு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடி, எந்தப் பகுதி யாருக்கு என்பதை மறுபரிசீலனை செய்கிறது. 2023இல் துபாயில் கூடிய மாநாட்டில், செயற்கைக்கோள் வழிகாட்டிச் சேவைகளுக்கு இடையூறு நேராதிருக்க 1,240 முதல் 1,300 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் அமெச்சூர்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பது விவாதப் பொருளாயிற்று. ஹாம்கள் அப்பகுதியை இழக்காவிட்டாலும், புதிய வழிகாட்டு நெறிகளுக்கு உட்பட வேண்டியவர்களாயினர். இத்தகைய பேச்சுகளில் ஹாம்களுக்காக வாதாடும் அனைத்துலக அமெச்சூர் வானொலி ஒன்றியத்தில் சார்ட்ஸும் அங்கம் வகிக்கிறது. தரிசாகக் கிடக்கும் அலைவரிசையைக் காப்பாற்றும் வாதம் எந்த மாநாட்டிலும் எடுபடாது. பயன்பாடே அதற்குச் சான்று. அவ்வகையில், வார இறுதிப் போட்டி, சாரணர் பிள்ளையின் முதல் பேச்சு, இரவு எட்டு மணி வருகைப் பதிவு ஆகிய எளிய செயல்கள் எல்லாம், விலைமதிப்பு மிக்க வானலையில் குடிமக்களுக்கென உள்ள சிறு பங்கின் மீது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் உரிமைக் கோரிக்கைகளாகவும் அமைகின்றன.