பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு: கண்ணுக்குத் தப்புவதைப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை!

குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. ஆனால், தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. உலக அளவில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பெண்கள் இப்படித்தான் இறக்கிறார்கள். பெரும்பாலும் ஏழை நாடுகளில்.

மருந்தே இல்லையா? இருக்கிறது. சிக்கல், அதைச் சரியான நேரத்தில் தொடங்குவதில்தான்.

ஏன் கண்டுபிடிக்க முடிவதில்லை?

குழந்தை பிறந்ததும் கருப்பை இறுகச் சுருங்க வேண்டும். அப்போதுதான் நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்தின் ரத்தக் குழாய்கள் நெருக்கி மூடப்படும். சுருங்காவிட்டால் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். அரை லிட்டரைத் தாண்டினால் ஆபத்து என்பது வழக்கமான கணக்கு.

ஆனால், துணியிலும் பஞ்சிலும் ஊறிய ரத்தத்தைக் கண்ணால பார்த்து அளவு சொல்வது கஷ்டம். 'கொஞ்சம்தான் போயிருக்கு' என்று நினைப்பதற்குள் நேரம் கடந்துவிடுகிறது.

தீர்வு என்ன?

அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் உறை. பிரசவம் ஆனதும் தாயின் இடுப்புக்குக் கீழே விரித்தால், ரத்தம் அதன் பையில் சேரும். எத்தனை மில்லி என்று கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். இந்த வகை உறை நமக்குப் புதிதல்ல. கர்நாடகத்தின் பெலகாவியில் நடந்த ஆய்வுகளில் 2000-களிலேயே பயன்படுத்தப்பட்டது.

கோட்டைத் தாண்டியதும் காத்திருக்கக் கூடாது. கருப்பையை அழுத்தித் தேய்ப்பது, அது சுருங்க ஆக்ஸிடோசின், ரத்தம் உறைய டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழியே திரவம், எங்கிருந்து கசிகிறது என்ற பரிசோதனை என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொடங்க வேண்டும். முன்பெல்லாம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்து, சரிவரலைன்னா அடுத்தது என்று போவார்கள்.

பலன் கிடைத்ததா?

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய 4 நாடுகளில், சுமார் 80 மருத்துவமனைகளில், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சுகப்பிரசவங்களில் 'இ-மோட்டிவ்' ஆய்வு நடந்தது. முடிவு 2023-ல் வெளியானது.

* ரத்தப்போக்கைக் கண்டுபிடித்தது: வழக்கமான முறையில் 51%, புதிய முறையில் 93%.

* ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போவது, அதற்காக வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை, ரத்தப்போக்கால் மரணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தது: 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாக, அதாவது 60% குறைவு.

அதே ஆண்டு இறுதியில் உலக சுகாதார நிறுவனமும் இந்த முறையைப் பரிந்துரைத்தது.

இனி என்ன சவால்?

உறை மட்டும் உயிரைக் காப்பாற்றாது. ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். கரன்ட் அடிக்கடி போகும் ஊரில் அதுவே பெரிய பாடு. இந்த ஆய்வில் சிசேரியன் பிரசவங்களும் சேர்க்கப்படவில்லை.

ஆனாலும் ஒன்று தெளிவு: புது மருந்து எதுவும் வரவில்லை. இருந்த மருந்துகளே நேரத்துக்குக் கைக்கு வந்தன. அதுவே பல தாய்களை ஆபத்திலிருந்து மீட்டிருக்கிறது.